இந்திய இளமகளிர் கால்பந்தணி

பந்தாட்டம் தமிழ் மகளிர்க்குப் புதியது அன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வரும் கந்துகவரி, மகளிர் பந்தடிக்கும்போது பாடும் பாட்டாகவே அமைந்துள்ளது. கந்துகம் என்பது பந்து. பின்னாளில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியிலும் தலைவியாகிய வசந்தவல்லி பந்தடித்து விளையாடுகின்றாள். ஆயினும் அவ்விலக்கிய மகளிர் கையாற் பந்தடித்தவர். தோழியர் சூழ்ந்து நிற்கத் தம் மகிழ்ச்சிக்காக ஆடியவர். அவர்களுக்கு எதிரணி என்று ஒன்று இல்லை. ஆகவே தோல்வியும் இல்லை. பதினொருவர் ஓர் அணியாய் நின்று, மற்றொரு பதினொருவரை எதிர்த்து, காலாற் பந்தை எற்றி ஆடும் ஆட்டம் மேனாட்டிலிருந்து வந்ததாகும். அதனைத் தமிழகத்தார் கால்பந்தாட்டம் என்பர். ஈழத் தமிழர் உதைபந்தாட்டம் என்பர். பின்னதே செயலைச் செவ்வனே உணர்த்தும் சொல் எனலாம். எனினும் வழக்கு வலியது அன்றோ?

அம்மேனாட்டிலேயே மகளிர் இவ்வாட்டத்தை எளிதிற் பெற்றிலர். முதல் உலகப் போரின்போது ஆடவர் போர்க்களம் சென்றமையால், இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் பெண்கள் வேலைக்கு அமர்ந்தனர். பிரெஸ்டன் நகரில் டிக் கெர் என்னும் தொழிற்சாலையிற் பணிபுரிந்த பெண்கள் 1917ஆம் ஆண்டில் ஓர் அணி அமைத்தனர். வெடிகுண்டு செய்த கைகளும் நாள் முழுதும் பொறிகளின் அருகே நின்ற கால்களும் உடையவர் அவர்கள். 1920ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் லிவர்பூல் நகரில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடினர். அடுத்த ஆண்டே, 1921 டிசம்பரில், அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றது அன்று எனக் கூறி, தன்னைச் சார்ந்த கழகங்களின் களங்களில் மகளிர் ஆடுதலைத் தடை செய்துவிட்டது. தடை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. ஏற்றது அன்று என்று கூறியவர்கள் அந்த ஐம்பதாயிரவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

மகளிர்க்கான உலகக் கோப்பைப் போட்டி 1991ஆம் ஆண்டிற் சீன நாட்டில் தொடங்கிற்று. பதினேழு வயதுக்குட்பட்ட சிறுமியர்க்கான உலகக் கோப்பை 2008ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் தொடங்கிற்று. இந்திய நாட்டில் மகளிர் கால்பந்துக்கெனத் தனிச் சங்கம் ஒன்று 1975ஆம் ஆண்டில் தோன்றியது. பணமும் பயிற்சியும் அருகியிருந்த அக்காலத்திலேயே இந்திய மகளிர் அணி 1979ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் ஆசியப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது என்பதை இன்று பலரும் மறந்துவிட்டனர்.

இனி, இளமகளிர் அணி என்பது யாது எனக் காண்போம். பெரியவர் அணியில் ஒருவர் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு நிலைத்து ஆடலாம். இளையோர் அணியில் அஃது இயலாது. 2022ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆட வேண்டுமாயின், 2005ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன் பிறந்திருத்தல் கூடாது. ஒரு நாள் முன்னே பிறந்தவளும் ஆட இயலாள். ஆகவே இவ்வணி ஆற்றுநீர் போன்றது. பெயர் மாறாது, உள்ளிருப்போர் மாறிக்கொண்டே இருப்பர். ஓர் ஆண்டின் தோல்வியை மறு ஆண்டின் சிறுமியர் மேல் ஏற்றிப் பேசுதல் பொருந்தாது. ஓராண்டில் நாட்டில் எத்துணைச் சிறுமியர் களம் இறங்கினர், எத்துணைப் போட்டிகளில் ஆடினர், யார் அவர்களைப் பயிற்றினர் என்பனவற்றின் விளைவே அவ்வணியின் வெற்றி தோல்விகளாக வெளிப்படுகின்றது.

வயது வரம்பின் கொடுமையை முதலில் உணர்ந்தவர் 2020ஆம் ஆண்டின் சிறுமியர். அவ்வாண்டிற் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பு இந்தியாவுக்குக் கிடைத்திருந்தது. நடத்தும் நாட்டுக்குத் தகுதிப் போட்டி இன்றியே இடம் உண்டு. அதற்கென அணியொன்று முகாமிற் கூடிப் பயின்று வந்தது. கொரோனாப் பெருந்தொற்று வந்தது. போட்டி முதலில் 2021க்குத் தள்ளி வைக்கப்பட்டது. பின்னர் அறவே கைவிடப்பட்டது. 2022ஆம் ஆண்டுப் போட்டி இந்தியாவுக்கே அளிக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் அதற்குள் முகாமிற் பயின்ற சிறுமியர்க்கு வயது கடந்துவிட்டது. உலகக் கோப்பை நாட்டுக்குத் திரும்பக் கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

2022ஆம் ஆண்டிலும் தடை வாராமல் இல்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆட்சியில் வெளியார் தலையீடு உண்டு எனக் கூறி, உலகக் கால்பந்துப் பேரவை ஆகஸ்டு நடுவில் அக்கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. போட்டி தொடங்க இரண்டு திங்களே இருந்தன. பெரியோர் வழக்காடிக்கொண்டிருக்க, சிறுமியர் தம் ஆட்டம் நடைபெறுமோ பெறாதோ என்று அறியாமலே பயின்றனர். ஆகஸ்டு 26ஆம் நாள் இடைநீக்கம் விலக்கப்பட்டது.

அவ்வணிக்குத் தெரிவான இருபத்தொருவருள் பாதிக்கு மேற்பட்டோர் மணிப்பூரையும் சார்க்கண்டையும் சேர்ந்தவர்கள். தலைவி அஸ்தம் ஒராவோன் சார்க்கண்டு மாநிலத்துக் கும்லா மாவட்டத்தில் ஒரு சிற்றூரிற் பிறந்து, அசாரிபாக் நகரிலுள்ள உறைவிடப் பயிற்சி நிலையத்திற் கால்பந்து பயின்றவள். அவள் தலைவியானாள் என்ற செய்தி பரவியதும், அரசு அச்சிற்றூருக்குச் சாலை அமைக்கத் தொடங்கிற்று. அச்சாலையிற் கூலிக்கு மண் சுமந்தவருள் அவளுடைய பெற்றோரும் இருந்தனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. மகளின் பெருமைக்கு அமைந்த சாலை. அதற்கு உழைத்தவர் பெற்றவரே.

திருவள்ளூர் மாவட்டத்து மாணவர்க்கு இம்மக்கள் அயலார் அல்லர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளிலும் பிற ஆலைகளிலும் சார்க்கண்டு, ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர் வேலை செய்கின்றனர். அவர்களைக் கொண்டு வரும் இருப்புப்பாதை, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியே கூடூரைக் கடந்து, புவனேசுவரத்தைத் தொட்டுக் கொல்கத்தாவை நோக்கிச் செல்வது. உலை முன் நிற்கும் அத்தொழிலாளரின் ஊர்களைப் போன்ற ஊர்களிலிருந்தே இந்திய அணியின் சிறுமியர் பலர் வந்தனர். அவர்கள் உலகக் கோப்பையில் ஆடிய களமும் அவ்விருப்புப்பாதையில் உள்ள புவனேசுவரத்தின் கலிங்க விளையாட்டரங்கமே.

தமிழ்நாட்டிலிருந்து ஒருவரேனும் அவ்விருபத்தொருவருள் இலர். தமிழ் மகளிர்க்குத் திறம் இல்லை என்று இதனாற் கொள்ளலாகாது. பெரியோர்க்கான தேசியப் போட்டியில் 2018ஆம் ஆண்டில் மணிப்பூரையும், 2023ஆம் ஆண்டில் அரியானாவையும் இறுதி ஆட்டத்தில் வென்று வாகை சூடியது தமிழ்நாட்டு மகளிர் அணி. கடலூர் மாவட்டத்திலிருந்து வந்த இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் ஆகியோர் இந்தியப் பெரியோர் அணியிற் சிறந்து ஆடியவர்கள். ஆனால் சார்க்கண்டில் பத்து, பன்னிரண்டு வயதிலேயே சிறுமியரைத் தேர்ந்து, உணவும் உறையுளும் தந்து பயிற்றும் நிலையங்கள் உண்டு. மணிப்பூரில் மகளிர் பந்தாடுதல் ஊர் வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. இங்கோ உயர்நிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ கால் வைத்த பின்னரே பெண்ணொருத்தி பந்தைக் காண்பது பெரும்பான்மை. பதினேழு வயது வரம்புள்ள போட்டிக்கு அது காலம் கடந்த தொடக்கம்.

இனி உலகக் கோப்பை ஆட்டங்களைக் காண்போம். சுவீடன் நாட்டினராகிய தாமஸ் டென்னர்பி அணியின் பயிற்றுநர். அணியை அவர் இத்தாலி, நார்வே, ஸ்பெயின் ஆகிய நாடுகளுக்கு அழைத்துச் சென்று பயிற்சி ஆட்டங்கள் ஆடச் செய்திருந்தார். 2022 அக்டோபர் 11ஆம் நாள் முதல் ஆட்டம். எதிரணி அமெரிக்க ஐக்கிய நாடுகள். இடைவேளைக்குள் ஐந்து கோல்கள் விழுந்தன, முடிவில் எட்டு. இந்தியா ஒரு கோலும் இடவில்லை. 14ஆம் நாள் மொராக்கோவை எதிர்த்து நடந்த ஆட்டத்தில் முதற்பாதி முழுவதும் இந்தியச் சிறுமியர் ஒரு கோலும் விடாமற் காத்தனர். இரண்டாம் பாதியில் மூன்று கோல்கள் விழுந்தன. 17ஆம் நாள் பிரேசில் ஐந்து கோல்கள் இட்டது. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. விட்ட கோல்கள் பதினாறு, இட்ட கோல் இல்லை. போட்டியின் முடிவில் நவி மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் கொலம்பியாவை வென்று ஸ்பெயின் கோப்பையைக் கொண்டது.

பதினாறு என்னும் எண்ணைக் கண்டு எள்ளி நகையாடுதல் எளிது. அவ்வெண் எங்கிருந்து பிறந்தது என்று ஆராய்தல் சற்று அரிது. கால்பந்துக் களம் ஏறத்தாழ 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி அவ்விடைவெளியைக் காக்க வேண்டுமாயின், பந்து காலை விட்டு எழுமுன்னே அது செல்லும் திசையை உணர்தல் வேண்டும். பின்வரிசை காப்போர் தம்முள் எத்துணை இடைவெளி விட்டு நிற்பது, எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது என்பனவற்றை எண்ணிப் பார்க்கக் களத்தில் நேரம் இராது. கால் தானே அறிதல் வேண்டும். அவ்வறிவு ஏட்டிலிருந்தோ பயிற்றுநர் வாயிலிருந்தோ வாராது; நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் ஆடி ஆடியே வரும். அமெரிக்கச் சிறுமி ஆறேழு வயதிலிருந்தே கழகங்களில் வாரந்தோறும் போட்டியில் ஆடி வளர்பவள். இந்தியச் சிறுமியோ முகாமிற் பல திங்கள் பயின்றாள். போட்டியில் ஆடியவை சில. பயிற்சி வேறு, போட்டி வேறு. இசை பயில்வோன் வீட்டில் ஆயிரம் முறை பாடினும், அவையேறிப் பாடும்போது தாளம் நழுவுதல் போன்றது இது.

ஆயினும் இவ்வணியின் வரலாற்றை அம்மூன்று ஆட்டங்களோடு முடித்தல் பிழை. தெற்காசிய நாடுகளுக்குள் நடக்கும் இளையோர் போட்டிகளில் இந்தியாவும் வங்கதேசமும் நெடுநாளாக எதிரெதிர் நிற்பவை. 2017ஆம் ஆண்டில் டாக்காவில் நடந்த பதினைந்து வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டத்தில் வங்கதேசம் ஒரு கோலால் வென்றது. 2018ஆம் ஆண்டில் பூட்டானில் இந்தியா ஒரு கோலால் வென்றது. 2019ஆம் ஆண்டில் அங்கேயே தண்ட உதைகளால் மறுபடியும் வென்றது. 2022 மார்ச்சில் சாம்செட்பூரில் நடந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டியின் கடைசி ஆட்டத்தில் இந்தியா வங்கதேசத்திடம் தோற்றும், கோல் வேறுபாட்டில் மிகுந்திருந்தமையாற் கோப்பையைப் பெற்றது.

இவ்விரு நாடுகளும் 2024 பிப்ரவரி 8ஆம் நாள் டாக்காவில் ஆடிய பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டம் போன்ற ஒன்று கால்பந்து வரலாற்றில் அருமையாகவே காணப்படும். தொடக்கத்திலேயே சிபானி தேவி இந்தியாவுக்கு ஒரு கோல் இட்டாள். தொண்ணூறு நிமிடம் கழிந்து, நடுவர் கூட்டித் தந்த சிறு நேரத்தில் வங்கதேசத்தின் சாகரிகா கோல் இட்டு ஆட்டத்தைச் சமன் செய்தாள். பின்னர்த் தண்ட உதைகள் தொடங்கின. இவ்வுதையில், கோலிலிருந்து பதினொரு மீட்டர் தொலைவிற் பந்தை வைத்து, காவலர் ஒருவரை மட்டும் எதிர்த்து ஒருவர் உதைப்பார். அணிக்கு ஐவர் உதைத்தனர். ஐவரும் பிழையாது கோல் இட்டனர். தொடர்ந்து எஞ்சியோரும் உதைத்தனர். கோல் காவலர் இருவரும்கூட உதைத்துக் கோல் இட்டனர். பதினொன்றுக்குப் பதினொன்று. கோல் காவலர் இருவரும் ஒரு பந்தையும் தடுத்திலர். உதைத்த இருபத்திருவருள் ஒருவரும் தவறிலர்.

அப்போது செய்ய வேண்டுவது யாது? விதி தெளிவானது: எல்லோரும் ஒரு முறை உதைத்த பின்னும் சமனாயின், முதலிலிருந்து மீண்டும் தொடங்கி, வேறுபாடு தோன்றும் வரை உதைத்தல் வேண்டும். ஆனால் போட்டி ஆணையராக இருந்தவர், நாணயம் சுண்டி முடிவு காணுமாறு பணித்துவிட்டார். நாணயம் இந்தியாவின் பக்கம் விழுந்தது. இந்தியச் சிறுமியர் ஆரவாரித்தனர். வங்கதேச அணியினர், விதியில் இதற்கு இடம் இல்லை என்று களத்தை விட்டு அகலாது நின்றனர். அவர்கள் கூற்றில் நியாயம் இருந்தது. ஆணையரும் பின்னர்த் தம் பிழையை உணர்ந்து, உதைகளைத் தொடருமாறு கூறினார். வென்றோம் என்று மகிழ்ந்த இந்திய அணியோ மீண்டும் களம் இறங்கவில்லை. நெடுநேரம் கழித்து இரு நாடுகளும் கூட்டாக வென்றன என அறிவிக்கப்பட்டது. பிழை ஆட்டக்காரர் எவருடையதும் அன்று. எனினும் விதியை ஆட்டக்காரரும் அறிந்திருப்பின், நாணயத்தை நம்பி அவர்கள் ஆரவாரித்திருக்க மாட்டார்கள்.

ஆசிய அளவிலான முயற்சி வேறு. 2023 மார்ச்சில் ஹனோய் நகரில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் தகுதிப் போட்டியில் இந்தியா சிங்கப்பூரை 7க்கு 0 என்றும், இந்தோனேசியாவை 6க்கு 0 என்றும் வென்றது. வியட்நாமோடு 1க்கு 1 எனச் சமன் செய்தது. ஓர் ஆட்டத்திலும் தோற்காதிருந்தும், கோல் வேறுபாட்டிற் பின்தங்கியமையால் அடுத்த சுற்றுக்குச் செல்லவில்லை. பதினேழு வயதுக்குட்பட்டோர் அணி அவ்வாண்டிலேயே பிஷ்கெக் நகரில் கிர்கிஸ் குடியரசையும் மியான்மரையும் வென்று முதற்சுற்றைக் கடந்தது; இரண்டாம் சுற்றில் நின்றுவிட்டது.

2025 ஆகஸ்டில் இருபது வயதுக்குட்பட்டோர் அணி மியான்மரின் யாங்கூன் நகருக்குச் சென்றது. பயிற்றுநர் யோவாகிம் அலெக்சாண்டர்சன் சுவீடன் நாட்டினர். முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவோடு கோல் இன்றிச் சமன். இரண்டாம் ஆட்டத்தில் துருக்குமெனிஸ்தானை 7க்கு 0 என வென்றது. 10ஆம் நாள் மியான்மர் தன் மக்கள் முன்னிலையில் தன் களத்தில் எதிர் நின்றது. முதற்பாதியிற் பூசா ஒரு கோல் இட்டாள். அதன் பின் மியான்மர் அணி அலை மேல் அலையாய் வந்து மோதியது. அந்த ஒரு கோலைக் காத்து இந்தியா வென்றது. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆசியக் கோப்பையில் இடம் கிடைத்தது. அன்று அணியிலிருந்த சுபாங்கி சிங், நேகா, கோல் காவலர் மோனலிசா தேவி ஆகியோர் மூன்றாண்டுகளுக்கு முன்பு கலிங்க அரங்கில் பதினாறு கோல்கள் விழக் கண்ட அணியில் இருந்தவர்கள் என்பது குறிக்கத்தக்கது.

அம்மாதக் கடைசியில் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணி பூட்டானின் திம்பு நகரில் தெற்காசியக் கோப்பையைப் பெற்றது. கோப்பை உறுதியான பின் நடந்த கடைசி ஆட்டத்தில் வங்கதேசத்திடம் 3க்கு 4 எனத் தோற்றது. அக்டோபரில் அவ்வணி பிஷ்கெக் நகருக்கு மீண்டும் சென்றது. கிர்கிஸ் குடியரசை 2க்கு 1 என வென்றபின், 17ஆம் நாள் உஸ்பெகிஸ்தானை எதிர்த்தது. சமன் செய்தாற் போதாது. வென்றே ஆக வேண்டும். முதற்பாதியில் உஸ்பெகிஸ்தான் ஒரு கோல் இட்டு முந்தியது. இடைவேளைக்குச் சற்று முன் மாற்றாட்டக்காரியாகக் களம் இறங்கிய தண்டமோனி பாஸ்கே, 55ஆம் நிமிடத்திற் கோல் இட்டுச் சமன் செய்தாள். 66ஆம் நிமிடத்தில் அவள் தள்ளித் தந்த பந்தை, சார்க்கண்டுச் சிறுமி அனுஷ்கா குமாரி கோலுக்குள் செலுத்தினாள். எஞ்சிய இருபத்து நான்கு நிமிடமும் பின்வரிசை குலையாது நின்றது. 2005ஆம் ஆண்டுக்குப் பின் முதன்முறையாக, சீன நாட்டில் 2026ஆம் ஆண்டு நடைபெறும் ஆசியக் கோப்பைக்கான இடத்தை அச்சிறுமியர் தம் காலாலே வென்றனர். இம்முறை எவரும் அதனை நடத்தும் நாடு என்பதற்காக அவர்களுக்குத் தரவில்லை.